கொடுக்கு இல்லாத தேள்

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போன வள்ளம் புதன்கிழமை காலை, இன்ஜின் ஓடாமல், துடுப்புப் போடாமல், தானாகவே கோடித்துறைக் கரைக்கு வந்து மணலில் மூக்கை வைத்தபோது, அதன் அடிப்பாகம் முழுக்கச் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் துளைகள் இருந்தன, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, போன நாலு பேரில் தொம்மை மட்டும் முன்மூலையில் குந்தியிருந்தான். ஊர் ஓடிவந்தது. மற்ற மூன்று பேரும் எங்கேயாவது படுத்திருப்பார்கள் என்று வலையைப் புரட்டிப் பார்த்தார்கள், ஐஸ் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தார்கள், பிறகு அழுதார்கள், அழுது ஓய்ந்த பிறகுதான் துளைகளை எண்ணினார்கள். நூற்று நாற்பத்து மூன்று. வாளி வாளியாகக் கடலை மொண்டு உள்ளே ஊற்றினார்கள். ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடியே நின்றது. துளை வழியே வெளிச்சம் போய் வந்தது, காற்று போய் வந்தது, தண்ணீர் மட்டும் போகவில்லை.

"அப்ப தொழிலுக்குப் போவலாம்" என்றார் வள்ளத்தின் சொந்தக்காரர் லாசர் சம்மாட்டி. யாரும் அவரை முறைக்கவில்லை. கோடித்துறை அப்படிப்பட்ட ஊர். ஒன்று நடந்துவிட்டால் ஏன் நடந்தது என்று மண்டையைக் குடைந்துகொள்ளாது. அதை எங்கே நிறுத்துவது, யாருக்கு இடைஞ்சல், அதன்மேல் என்ன காயப்போடலாம் என்றுதான் யோசிக்கும். வெள்ளிக்கிழமைக்குள் அந்த வள்ளத்தின் விளிம்பில் பாவாடைகள் காய்ந்தன.

தொம்மை வாய் திறக்க மூன்று நாள் ஆனது. திறந்தபோதும் ஒரே கதையைத்தான் சொன்னான், டீக்கடையில் சொன்னான், பங்குச் சாமியார் அறையில் சொன்னான், போலீஸ்காரரிடமும் அதையேதான் சொன்னான்: கடல் அசையாமல் நின்றது, மேலே சத்தமில்லாமல் ஏதோ வந்தது, வள்ளத்தோடு தங்களைத் தூக்கியது, தூக்கித் தூக்கி, கடைசியில் காலுக்குக் கீழே இன்னொரு வானத்தைக் காட்டியது.

"காலுக்குக் கீழ, கேட்டியளா? மேலயும் வானம், கீழயும் வானம். கீழ உள்ளது நம்ம வானம் இல்ல. நடுவுல பெரிய வெள்ளி ஒண்ணு, சுத்தி மஞ்சமஞ்சளாப் பொடி வெள்ளிக. எங்களத் தூக்குன அவ்வோ எங்களப் பாத்துக் கேட்டாவ. வாயால இல்ல, ஆனா கேட்டது விளங்கிச்சு. இதுல ஒங்களது எதுன்னு கேட்டாவ. ரெத்தினமும் பிச்சையாவும் கைய நீட்டி எதையோ காட்டுனானுவ. நான் கண்ணப் பொத்திக்கிட்டேன். தொறந்து பாத்தா வள்ளத்துல நான் மட்டும் இருக்கேன், அடி பூரா ஓட்டை. அந்தக் கீழ்வானத்த அப்படியே வள்ளத்துல குத்திக் குடுத்துருக்காவ."

ஆக, ஊருக்கு முன்னால் ஒரே ஒரு கேள்விதான் நின்றது. இந்தப் புள்ளிகள் உண்மையான நட்சத்திரங்களா, இல்லையா? நட்சத்திரங்கள்தான் என்றால் தொம்மை சொல்வது நிஜம், மூன்று பேரும் எங்கோ உயிரோடு இருக்கிறார்கள், திரும்பி வருவார்கள். இல்லையென்றால் தொம்மை புளுகன், ஒருவேளை அதைவிட மோசமானவன். மூன்று பேரும் செத்துவிட்டார்கள், கோயிலில் துக்க மணி அடிக்க வேண்டும், மூன்று பெண்கள் தாலியைக் கழற்ற வேண்டும்.

அந்த மூன்று பெண்களில் ஒருத்தி பிலோமி. காணாமல் போன கஸ்பாரின் மனைவி. ஊரில் அவளை டெங்குக்காரி என்பார்கள், கோபத்தில் சொல்வதில்லை, அது அவள் வேலை. வாரம் தவறாமல் கோயில் தெருவின் முதல் வீட்டில் தொடங்கி ஒவ்வொரு வீடாக நுழைந்து, குடம், தொட்டி, ஆட்டுரல் குழி, ஃப்ரிட்ஜின் பின்தட்டு, பழைய டயர் என்று தண்ணீர் நிற்கும் இடத்திலெல்லாம் டார்ச் அடித்துப் பார்ப்பாள். கொசுப்புழு நெளிந்தால் அப்படியே சூடான மணலில் கவிழ்த்துவிட்டு, கதவோரம் சாக்பீஸால் தேதி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். புழுக்களின் மேல் அவளுக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. கல்லறைத் தோட்டத்து மதிலைச் சுற்றி வளைந்து போகும் தெருவின் கோடியில், ஒற்றையாக நிற்கும் அவளுடைய வீடுதான் கடைசி வீடு. அதற்கும் டார்ச் அடித்து, அதற்கும் தேதி போடுவாள்.

பிலோமிக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை.

கோடித்துறையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. ஆனால் அந்த ஞாயிறு காலையில் கரைக்கு அருகிலேயே சாளை மீன் கூட்டமாக வந்து கடல் கறுத்துக் கிடந்தது, லாசர் சம்மாட்டி ஆசை காட்டினார், நாலு பேர் கிளம்பினார்கள். அன்றைக்குத்தான் கஸ்பாரின் மகள் ஆக்னஸுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுனும் தலையில் பூமுடியுமாகப் பிள்ளை கோயில் வாசலில் நின்று நின்று பார்த்தாள், அப்பா வரவில்லை. பிலோமி பொருமினாள், பல்லைக் கடித்தாள், விருந்துக்கு ஆக்கிய சோற்றை மூடி வைத்தாள். சாயங்காலம் கோயில் மணி ஒன்பது முறை அடித்தது.

அந்த ஒன்பது மணிக்கு அந்த ஊரில் ஓர் அர்த்தம் உண்டு. வள்ளம் ஒன்று திரும்பவில்லை என்று பொருள். கேட்டதும் எல்லா வீட்டுக்காரர்களும் அரிக்கேன் விளக்கைக் கொளுத்தி, கூரைக்கு மேலே நட்டிருக்கும் கம்பத்தில் ஏற்ற வேண்டும், கோயில் கோபுரத்துப் பெரிய விளக்கும் எரியும், வள்ளம் வரும்வரை எந்த விளக்கும் இறங்கக் கூடாது. ஜிபிஎஸ் வந்த பிறகும் அதை விடவில்லை. வழி தெரிவதற்காக அல்ல, உன்னை எதிர்பார்த்து உன் வீடு முழித்திருக்கிறது என்று காட்டுவதற்காக. சண்டைக்காரனுக்குக்கூட விளக்குத் தூக்குவார்கள். தூக்காமல் விட்டவர்கள் என்று யாரும் இருந்ததில்லை.

பிலோமி தூக்கவில்லை. விளக்கைத் துடைத்தாள், எண்ணெய் ஊற்றினாள், தீப்பெட்டியைக் கையில் எடுத்தாள், பூமுடியோடே பாயில் தூங்கிவிட்ட பிள்ளையைப் பார்த்தாள். "இருட்டுல தடவிக்கிட்டு வரட்டும்" என்று சொல்லி விளக்கை மூலையில் வைத்தாள். கடைசி வீடு, மதிலுக்குப் பின்னால், யாருக்கும் தெரியாது. அடுத்த இரண்டு ராத்திரியும் விளக்கு மூலையிலேயே இருந்தது.

இப்போது அந்த மூலையைப் பார்க்க அவளுக்குக் கண் கூசியது.

வள்ளத்தை வைத்து நடந்த வாதம் இரண்டு வாரம் ஓடியது. கோடித்துறையின் ஆண்களுக்கு நட்சத்திரம் என்பது தெருப்பெயர் மாதிரி; விடிவெள்ளி, ஆறாமீன், சிலுவைவெள்ளி, முக்கூட்டு வெள்ளி என்று பெயர் சொல்லி நேரம் சொல்வார்கள். அவர்கள் வள்ளத்தைச் சுற்றி நின்று உள்ளே குனிந்து பார்த்தார்கள். ஆறு வெள்ளி சேர்ந்த ஆறாமீன் இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று இருந்தது. முக்கூட்டு வெள்ளி எங்குமே இல்லை. "இது எந்த ஊரு வானம்?" என்று கேட்டார்கள். உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் கனகவேல் சார், கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், கடலுக்குள் முழங்கால் நனையப் போகாதவர், அச்சடித்த நட்சத்திர வரைபடத்தோடு வந்து துளைகளை எல்லாம் மெழுகுத்தாளில் பிரதி எடுத்தார். மூன்று நாள் கழித்து வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"பொருந்தல. சிலது பொருந்துற மாதிரி இருக்கும், அத நம்பக் கூடாது. நூத்திநாப்பது புள்ளி இருந்தா அதுல யானையும் காட்டலாம், பூனையும் காட்டலாம். பாக்குறவங்க மனசுல என்ன இருக்கோ அதுதான் தெரியும்."

அன்றைக்குத் தொம்மையின் வீட்டுமேல் இரண்டு கல் விழுந்தது. சாமியார் பிலோமிக்கு ஆள் அனுப்பி, துக்கப் பூசையை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். அவளுடைய பக்கத்துத் தெருக்காரி இன்னாசியம்மாள், காணாமல் போன ரெத்தினத்தின் மனைவி, தாலியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்து, எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

வாதத்தைத் திருப்பிப் போட்டது ஒரு மராமத்து வேலை. துளைகளை அடைத்தாக வேண்டும் என்று லாசர் சம்மாட்டி ஃபைபர் வேலைக்காரரை வரவழைத்தார். அவர் வள்ளத்தைக் குப்புறக் கவிழ்த்து, இரு பக்கமும் டயர் கொடுத்துத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு துளையிலும் பசை வைத்தார். வைத்த பசை இறுகாமல் ஒவ்வொன்றாக உதிர்ந்து விழுந்தது. உதிர்ந்ததைப் பொறுக்க வள்ளத்துக்கு அடியில் நுழைந்தவர் நுழைந்தபடியே மல்லாந்து படுத்துவிட்டார். வெளியே உச்சி வெயில். உள்ளே கும்மிருட்டு, அந்த இருட்டில் நூற்று நாற்பத்து மூன்று வெள்ளிகள்.

ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக நுழைந்தார்கள். வானத்தை யாராவது குனிந்து பார்ப்பார்களா, மல்லாந்து அல்லவா பார்க்க வேண்டும், இத்தனை நாள் தலைகீழாகப் பார்த்துவிட்டோமே என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்கள். கனகவேல் சாரும் மெழுகுத்தாளோடு உள்ளே போய், தாளைப் புரட்டிப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து வேட்டி முழுக்க மணலோடு வெளியே வந்தார். அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

"தொண்ணூத்தியேழு சரியா வருது. மத்தது மங்கலான நட்சத்திரமா இருக்கலாம், நம்ம படத்துல இருக்காது. நடுவுல பாருங்க, தேள். தலை, உடம்பு, வால் வளைஞ்சு போறது. ஒண்ணே ஒண்ணு மட்டும் இல்ல. வால் நுனியில கொடுக்கு இருக்கணும். அந்த இடம் காலியா இருக்கு."

பிறகு அந்த ஒரு காலி இடத்தைப் பற்றியே ஊர் பேசியது. தூக்கிப் போனவர்கள் பார்க்கும் திசையிலிருந்து கொடுக்கு மறைந்திருக்கும் என்றார் சார். கொடுக்கு இல்லாத தேள் கொட்டாது, நல்ல சகுனம் என்றார் லாசர் சம்மாட்டி. பொருந்தும் பொருந்தும் என்று அவரைப்போல் யாரும் அலையவில்லை. மூன்று பேரை ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு அனுப்பியவருக்கு அந்த மூன்று பேரும் எங்காவது இருந்தாக வேண்டும். இன்னாசியம்மாள் படியிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போய், பத்து நாளைக்குப் பிறகு உலை வைத்தாள். துக்கப் பூசை நின்றது. ஊர்க்கூட்டம் கூடி ஒரு முடிவு எடுத்தது: வள்ளம்தான் வந்திருக்கிறது, ஆட்கள் வரவில்லை, ஆகவே அன்றைக்கு அடித்த ஒன்பது மணி இன்னும் முடியவில்லை, மூன்று பேரும் வந்து சேரும்வரை தினமும் சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்குத் தூக்க வேண்டும், மேலே இருந்து அவர்களுக்கு வழி தெரிய வேண்டும்.

பிலோமி அதைக் கேட்டதும் சந்தோஷப்படத்தான் செய்தாள். கஸ்பார் இருக்கிறான். இருக்கிறான் என்று நூறு முறை சொல்லிப் பார்த்தாள். மூலையில் இருந்த விளக்கை எடுத்து வெளியே வைத்துவிட்டு, தூக்குவதற்கு முன்னால் ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தொம்மையிடம் போனாள்.

தொம்மை கதவைப் பாதி திறந்து நின்றான். வெயில் நேரத்திலும் வீட்டின் சன்னல்களை அடைத்திருந்தான்.

"அண்ணே, மத்த ரெண்டு பேரும் கை காட்டுனாவன்னு சொன்னீய. அவரு?"

தொம்மை தரையைப் பார்த்தான். "கஸ்பாரு காட்டல தங்கச்சி. அவன் தேடுனான். தேடிக்கிட்டே இருந்தான். என்னலே தேடுதன்னு கேட்டேன். 'ஒண்ணக் காணலயே தொம்ம, ஓரத்துல ஒண்ணு இருக்கணுமே, காணலயே'ன்னான். அழுதான். ஒரு வெள்ளிக்காவ யாராவது அழுவாவளா? எனக்கு இன்னும் விளங்கல."

பிலோமிக்கு விளங்கிவிட்டது. நேரே கடற்கரைக்கு நடந்தாள். பையில் அவளுடைய வேலை நோட்டு இருந்தது. அதன் நடுப்பக்கத்தில் ஊரை அவளே வரைந்து வைத்திருந்தாள், தெருவுக்கு ஒரு கோடு, வீட்டுக்கு ஒரு புள்ளி, எல்லாம் சேர்த்து நூற்று நாற்பத்து நான்கு. மேலதிகாரி கேட்டபோது இரண்டு வருஷத்துக்கு முன்னால் வரைந்தது.

வள்ளத்துக்கு அடியில் யாரும் இல்லை. நுழைந்து மல்லாந்து படுத்தாள். நோட்டைப் பிரித்து, நடுப்பக்கத்தைக் கிழித்து, தாளைப் பின்பக்கமாகத் திருப்பி மேலே தூக்கிப் பிடித்தாள். வெளிச்சத்தில் மைப்புள்ளிகள் தாளுக்குள்ளாகத் தெரிந்தன. நடுவில் பெரிய துளை, அது கோயில் கோபுரம். கோயிலுக்குள் குடியிருக்கும் சாமியாரின் பங்களாவுக்கும் அதுதான் விளக்கு. அதன் பக்கத்தில் பதினொன்று, அது பிச்சையா வீட்டுக் காம்பவுண்ட். தேளின் தலை, மேலத்தெரு. தேளின் உடம்பு, மீன் ஏலம் போடும் தெரு. வளைந்து போகும் வால், கல்லறை மதிலைச் சுற்றிப் போகும் தெரு. வாலின் நுனியில் தாளில் ஒரு புள்ளி இருந்தது. வள்ளத்தில் இல்லை.

தொம்மை தன் ஊரை ஒருநாளும் மேலேயிருந்து பார்த்தவன் அல்ல. இருட்டில் மின்னும் எதையும் வெள்ளி என்றே பழகிய கண்கள் அவை. கோடித்துறையின் விளக்குகளைக் காலுக்குக் கீழே பார்த்தபோதும் அவனுக்கு அது வானமாகவே தெரிந்தது. கஸ்பாருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அவன் தன் வீட்டைத் தேடியிருக்கிறான். உங்களது எது என்று அவர்கள் கேட்டபோது காட்டுவதற்கு அவனுக்கு ஒரு வீடு இல்லாமல் போனது, அந்த நினைப்போடு போனான். பிலோமி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு மணலில் புரண்டு அழுதாள்.

அழுகை முடிந்த பிறகுதான் பயம் வந்தது. அவர்கள் தங்கள் ஊரின் படத்தை நமக்குத் தரவில்லை. நம்முடைய ஊரைப் படம் எடுத்திருக்கிறார்கள். அவளுக்குத் தெரியும், எதற்காக வீடுகளை எண்ணுவார்கள், எதற்காகப் புள்ளி வைப்பார்கள் என்று. அவளும் அந்த வேலைதானே செய்கிறாள்.

மறுநாள் காலை எல்லாரையும் வள்ளத்துக்கு அருகே கூட்டினாள். தாளைக் காட்டினாள். இது கோயில், இது மேலத்தெரு, இது உங்கள் வீடு, இது உங்கள் வீடு என்று விரல் வைத்துச் சொன்னாள். விளக்குத் தூக்காதீர்கள் என்றாள், தூக்குவது கூப்பிடுவது மாதிரி என்றாள், கையைக் கூப்பினாள். கனகவேல் சார் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவர் விரல் தேளின் வாலில் போய் நின்றதை அவள் பார்த்தாள். பிறகு தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே அம்மா. நூத்திநாப்பது புள்ளி இருந்தா என்ன வேணா காட்டலாம். பாக்குறவங்க மனசுதான்."

"அப்ப ஓன் வீடு எங்கட்டி?" என்று கேட்டாள் இன்னாசியம்மாள். அவள் குரல் மெதுவாகத்தான் இருந்தது. "எங்க எல்லாரு வீடும் இருக்கு. ஓன் வீட்டக் காணுமே."

இதைச் சொல்லாமல் தப்ப வழியில்லை என்று பிலோமிக்குத் தெரிந்தது. சொல்லாவிட்டால் யாரும் நம்பப் போவதில்லை.

"அன்னைக்கி நான் விளக்குத் தூக்கல மைனி."

 பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஆண்கள் முகத்தைத் திருப்பினார்கள், லாசர் சம்மாட்டி மணலில் துப்பினார். படத்தையோ துளைகளையோ அதன் பிறகு யாரும் பேசவில்லை, அவள் சொன்னதில் அந்த ஒரு வரி மட்டும்தான் ஊர்க் காதில் விழுந்தது. மூன்று பேரும் ஏன் இன்னும் வரவில்லை என்பதற்கு ஊருக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

"ஒரு வீடு இருட்டாக் கெடந்தா அவ்வோளுக்கு எப்புடி வழி தெரியும்?" என்று இன்னாசியம்மாள் அழுதாள். "மனுசியாட்டி நீ? இன்னைக்கித் தூக்கு. இன்னைக்கே தூக்கு."

"தூக்க மாட்டேன் மைனி. நீங்களும் தூக்காதிய. என் பிள்ள இருக்கா வீட்டுல."

அன்று அவளை யாரும் வீட்டுக்குள் விடவில்லை. டார்ச்சோடு போய் வாசலில் நின்றபோது கதவைச் சாத்தினார்கள். சாயங்காலம் நூற்று நாற்பத்து மூன்று விளக்குகளும் கம்பத்தில் ஏறின, கல்லறை மதிலுக்குப் பின்னால் ஒரு வீடு மட்டும் இருட்டாக இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஆக்னஸ் வாசலில் நின்று விளக்குகளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நம்ம வீடு இருட்டா இருக்கதுனாலதான் அப்பா வரலயாம்மா?"

"யாருட்டி சொன்னா?"

"எல்லாரும்."

பிலோமி பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அரிக்கேன் விளக்கை உடைத்துவிடலாமா என்று நினைத்தாள். அவள் செய்யாமல் விட்ட காரியங்களில் அதுவும் ஒன்று, பிறகு அதை நினைத்துத்தான் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கஸ்பார் வாங்கிவந்த விளக்கு, உடைக்க மனம் வரவில்லை, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

மாதக் கடைசியில் சுகாதார நிலையத்தில் கூட்டம். டவுனுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். கூட்டம் இழுத்தது, பேருந்து தாமதமானது, கோடித்துறை வளைவில் திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சன்னல் வழியே ஊரைப் பார்த்தாள். வரிசை வரிசையாக விளக்குகள் ஏறியிருந்தன. தேளின் தலை, தேளின் உடம்பு, வளைந்த வால். வாலின் நுனியிலும் ஒரு விளக்கு எரிந்தது.

பேருந்து நிற்பதற்குள் குதித்து ஓடினாள். வீட்டு வாசலில் இன்னாசியம்மாள் நின்றிருந்தாள், ஆக்னஸ் வெள்ளைப் புதுநன்மைக் கவுனைப் போட்டுக்கொண்டு, கம்பத்துக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நானே தூக்குனேம்மா! மைனியம்ம பத்த வச்சாவ, நான் தூக்குனேன்!"

"பிள்ள ஏங்கிப் போயிட்டா பிலோமி" என்றாள் இன்னாசியம்மாள். அவள் முகத்தில் கோபமே இல்லை, அத்தனை நாளில் முதல்முறையாகப் பழைய அன்பு இருந்தது. "நீ செய்யாட்டா நாங்க செஞ்சிட்டுப் போறோம். ஒன்ன விட்டுருவமா?"

பிலோமி கயிற்றைப் பிடுங்கி விளக்கை இறக்கினாள், ஊதி அணைத்தாள். ஆக்னஸ் வீறிட்டு அழுதாள், அழுது அழுது தூங்கினாள். விளக்கு எரிந்தது அரைமணி நேரம்கூட இருக்காது. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று பிலோமி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், முன்பு ஒரு நாளும் அவள் இதையேதான் சொல்லிக்கொண்டாள்.

விடிந்து வெயில் வந்ததும், பிள்ளையை எழுப்பாமல், கதவை வெளியே தாழிட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். வள்ளம் கவிழ்த்தபடி கிடந்தது. சுற்றிலும் ஆளில்லை. உள்ளே நுழைந்து மல்லாந்து படுத்தாள், உடனே பார்க்கத் தைரியமில்லாமல் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தாள், பிறகு திறந்தாள்.

நூற்று நாற்பத்து நான்கு. வால் நுனியில் புதுத் துளை. மற்றவற்றைப் போலவே வட்டமாக, சுத்தமாக. விரலை நீட்டி அதன் விளிம்பைத் தொட்டாள், இன்னும் சூடாக இருந்தது.

அப்போது கோயில் கோபுரமாக இருந்த பெரிய துளை இருண்டது.

யாரோ மேலே ஏறிக் குனிந்து கண்ணை வைத்துப் பார்க்கிறார்கள் என்று நினைத்தாள். "யாரது?" என்று கேட்டாள்.  வள்ளத்தின் மேல் காலடி ஓசை இல்லை. பெரிய துளையில் வெளிச்சம் திரும்பியது, அதற்கு அடுத்த துளை இருண்டது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு அதில் வெளிச்சம் திரும்பியது, அடுத்தது இருண்டது. கோயில் தெரு முதல் வீடு. இரண்டாம் வீடு. மூன்றாம் வீடு. அவசரமில்லாமல், ஒன்றையும் விடாமல், வாரா வாரம் அவள் போகும் அதே வரிசையில், ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்த்துக்கொண்டு அது போனது.

பிலோமி ஊர்ந்து வெளியே வந்தாள். வள்ளத்தின் மேல் யாரும் இல்லை. வானம் நீலமாக, வெறுமையாக இருந்தது. ஊரில் யார் வீட்டிலோ ரேடியோ பாடியது, யாரோ மீன் விலை கேட்டார்கள். விளக்கை இறக்குங்கள் என்று கத்த வாயைத் திறந்தவள், எல்லாரும் எப்போதோ இறக்கிவிட்டார்கள், விடிந்துவிட்டது, இனி அணைப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதை உணர்ந்தாள். மணலில் கால் புதையப் புதைய ஓடத் தொடங்கினாள்.

அவளுடைய வீடு கடைசி வீடு. ஆக்னஸ் இந்நேரம் எழுந்திருப்பாள். அப்பா வருவார் என்று முகம் கழுவி, வெள்ளைக் கவுனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், யார் வந்து எட்டிப் பார்த்தாலும் அப்பா என்று ஓடி வருவாள்.